அளந்ததும் எழுதியதும்

எழுதத் தெரிந்தோர் எல்லோரும் ஆய்வெழுதத் தெரிந்தோர் ஆகிவிடுவதில்லை. கலைப்பீடத்தில் மூன்றாண்டுகள் கட்டுரை எழுதிப் பழகிய எனக்கு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தியவர், பொறியியல் பயிலும் என் தமையனார். அவர் பல்கலைக்கழக வளாகமொன்றில் தங்கிப் படித்தவரல்லர். பகலில் ஹற்றனில் ஒரு கடையிற் கணக்கெழுதி, இரவில் வட்டவளையில் எங்கள் லயத்துக் காம்பராவில் பாடநூல்களை விரித்து வைத்துத் தொலைக்கல்வி வழியே படித்தவர்.

தொழில் புரிவோருக்கும் தொலைவில் வாழ்வோருக்கும் உயர்கல்வி எட்டவேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டிற் புதியதன்று. 1972இல் தோன்றிய வெளிவாரிச் சேவைகள் முகவர் நிலையமும், 1976இல் தோன்றிய தொலைக்கல்வி நிறுவனமும் இணைந்தே 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருப்பெற்றது. ஆயினும், கல்வி வீடு தேடி வருவதால் எழுதும் பயிற்சியும் உடன் வந்துவிடும் எனக் கொள்ளலாகாது. எங்களுக்குச் சக மாணவர் உண்டு; நூலகம் உண்டு; ஐயம் தோன்றினால் விரிவுரையாளரின் கதவைத் தட்டலாம். தொலைக்கல்வி மாணவருக்கோ திருத்தப்பட்டு வரும் ஒப்படையின் ஓரக்குறிப்பே பெரும்பாலும் ஆசிரியராகும்.

அண்ணனின் முதல் ஒப்படை சிவப்பு மையினால் நிறைந்து திரும்பியது. “மலையகத்தில் மண்சரிவு பேராபத்தாக விளங்குகின்றது, அதிக மழையே இதற்குக் காரணமாகும்” என அவர் எழுதியிருந்தார். ஓரத்தில் மூன்று வினாக்கள் இருந்தன: எவ்வளவு மழை? எத்தனை நாளில்? அளந்தவர் யார்? வேறொரு பக்கத்தில், ஒரு கட்டுரையிலிருந்து பெயர் சுட்டாமல் எடுத்தெழுதிய அரைப்பக்கம் முழுவதும் கோடிடப்பட்டிருந்தது. இரண்டு நாள் அவர் எவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா வழக்கம்போல், “தராசுல பதினெட்டு, ஏட்டுல பதினேழு” என்று முணுமுணுத்தபடி கூடையை இறக்கினார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அம்மா முப்பது வருசமா செய்றதத்தான் என்னையும் செய்யச் சொல்றாங்க, தங்கச்சி” என்றார்.

அதன்பின் அவர் வாசித்த முறையே மாறிற்று. 1990களின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் புகையிரதப் பாதையைப் பெயர்த்த மண்சரிவு குறித்து 2000ஆம் ஆண்டில் பொறியியற் புவிச்சரிதவியல் ஏடொன்றில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அதனை அவர் மும்முறை படித்தார். முதன்முறை, எழுதியோர் எதை நிறுவ முயல்கின்றனர் என்பதற்காக; அடுத்து, எவற்றை எவ்வாறு அளந்தனர் என்பதற்காக; இறுதியில், எவ்விடத்தில் “இருக்கலாம்” என்றும் எவ்விடத்தில் “ஆகும்” என்றும் எழுதினர் என்பதற்காக. பயிற்சிக் கொப்பியில் மூன்று நிரல்கள் இட்டு, ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், தம் சொந்த விளக்கம் என எழுதி வந்தார். துளைநீர் அமுக்கம் என்பதற்கு எதிரே, “மண்துகள்களுக்கு இடையே தேங்கும் நீர் அவற்றைத் தள்ளிப் பிரிக்கும் விசை, பிடிப்புக் குறையும், சரிவு நகரும்” என எழுதியிருந்தார். நிலத்தடி நீரை வடியச் செய்து அச்சரிவை ஏன் உறுதிப்படுத்தினர் என்பது அந்த ஒரு வரியில் எனக்கும் விளங்கிற்று.

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட பொருள் லயத்துக்குப் பின்னாலிருந்த நிலவெடிப்பு. அதன் இருபுறமும் முளைக்கம்புகள் அறைந்து, தலையில் ஆணி பதித்து, டிசம்பர் முதல் மார்ச் வரை வாரந்தோறும் இடைத்தூரத்தை அளந்தார். தோட்டத்து மழைமானிப் பதிவுகளையும் கேட்டுப் பெற்றார். முதல் வரைவைத் தமிழில் எழுதி என்னிடம் தந்தார். நான் என் புலமையைக் காட்டி, “வானம் பொத்துக்கொண்டு பொழியும் வட்டவளையில்” என்று தொடங்கி வைத்தேன். அவர் அதனை அடித்துவிட்டு, “ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளையில்” என்று எழுதினார். எனக்குச் சிறிது மனத்தாங்கலே. ஆனால் எவ்வரி அஞ்சத்தக்கது என்பதைப் படிப்போரே தீர்மானிக்கட்டும்.

இடர் அதன் பின்னரே வந்தது. 16 அளவீடுகளிலும் வேறுபாடு ஒரு மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. வெடிப்பு அகலவில்லை என்பதே பேறு. அதனை அறிந்த அப்பா, “கூடுதுன்னு ஒரு வரி எழுதினா என்னப்பா? லயத்து ஆளுகளுக்கு வீடாவது கிடைக்கும்” என்றார். அவரை எளிதிற் குறைகூற முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதையுண்டதை அறிந்த எவரும், மழைக்காலத்தில் அந்தச் சுவருக்குப் பின்னால் நிம்மதியாக உறங்குவதில்லை. அண்ணன் இரு இரவுகள் யோசித்தார். பின்னர் எழுதினார்: அளந்த காலத்தில் அசைவு காணப்படவில்லை, அக்காலம் மழை குறைந்த பருவம், எனவே சரிவு பாதுகாப்பானது என இதிலிருந்து முடிவுகட்டலாகாது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அளவீடு தொடரப்படல் வேண்டும்.

“பொய்யா ஒரு வாட்டி எழுதிட்டா, நாளைக்கு நெசமாவே நகர்றப்ப யாரு நம்புவா?” என்பதே அவர் அப்பாவுக்குச் சொன்ன விடை. அப்பா மறுமொழி கூறவில்லை.

அறிக்கை கையளிக்கப்பட்ட பின்னரும் முளைக்கம்புகள் பிடுங்கப்படவில்லை. மே மாத இறுதியில் மழை வலுத்தபோது, அளவுநாடாவின் மறுமுனையை அப்பாவே பிடித்தார். ஒரு வாரத்தில் 3 மில்லிமீற்றர் கூடியிருந்தது. அவர் அதனை நான்கு என்று எழுதச் சொல்லவில்லை. அந்த ஏட்டைக் கொண்டுபோய்க் காட்டியபின் அதிகாரிகள் வந்து பார்த்தனர். கடும் மழை இரவுகளில் பாடசாலைக் கட்டடத்துக்குச் செல்லுமாறு பணித்தனர். வீடுகள் இன்னும் வரவில்லை. ஏடு தொடர்கின்றது.

விடுமுறை முடிந்து வந்ததும் என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். “பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது”, “பலராலும் போற்றப்பட்டது” என்னும் தொடர்கள் பக்கந்தோறும் கிடந்தன. பென்சிலை எடுத்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதத் தொடங்கினேன்: எவ்வளவு? எப்பொழுது? கண்டவர் யார்? பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.