உறை பிரியாத பெட்டி

கடந்த ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம். மாறுதல் கடிதம் நமது கைக்கு வந்து பத்து நாள்கள் ஆகியிருந்தன. ஆறு ஆண்டுகள் வாழ்ந்த பங்கு இல்லத்தைவிட்டுப் புறப்பட வேண்டும். உடைகள் இரண்டு பைகளுக்குள் அடங்கிவிட்டன. நூல்களுக்கு ஆறு அட்டைப்பெட்டிகள் போதுமானவையாயின. அவற்றைத் தவிர எஞ்சி நின்றவை பதினொரு பெட்டிகள். அவற்றுள் ஒன்றைத் தூக்கிப் பார்த்த கோயில்பிள்ளை, "இதென்னங்க பாதர், இத்தனை கனம்?" என்று கேட்டார். "பாட்டுத்தான்" என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆயினும் நாம் சொன்னது உண்மையே. 1960களிலும் 1970களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்து புகழ்பெற்ற ராக் இசைத்தட்டுகளை, இசை நிறுவனங்கள் இப்போது பெரிய பெட்டிகளாக்கி விற்கின்றன. 'பாக்ஸ் செட்' என்பது அவற்றின் பெயர். பழைய ஒலிநாடாக்களைக் காப்பறையிலிருந்து எடுத்து, ஒலியைச் செம்மைப்படுத்துகிறார்கள். அன்று வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட ஒத்திகைகளையும், பாதியில் நின்றுபோன முயற்சிகளையும் சேர்க்கிறார்கள். படங்கள் நிறைந்த நூலொன்றையும் உள்ளே வைத்து, கண்ணாடித்தாள் உறையிட்டு அனுப்புகிறார்கள். விலையைக் கேட்டால் நம் ஊரில் ஒரு மாதச் சம்பளம் நினைவுக்கு வரும்.

இந்த வழக்கத்தைப் பரவலாக்கியதில் 1985இல் வெளிவந்த பாப் டிலனின் 'பயோகிராஃப்' என்னும் ஐந்து தட்டுத் தொகுப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் 53 பதிவுகளுள் 18 அதுவரை முறையாக வெளியிடப்படாதவை. பின்னர் பெட்டிகள் பெருத்துக்கொண்டே போயின. கிரேட்ஃபுல் டெட் குழுவினர் 1972இல் ஐரோப்பாவில் நடத்திய 22 நிகழ்ச்சிகளும் 2011இல் 73 குறுந்தகடுகளாக, ஒரு பயணப் பெட்டிக்குள் வைத்து விற்கப்பட்டன. மொத்தம் 7,200 பெட்டிகளே செய்தார்கள். இதில் சட்டத்தின் கையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக நீட்டித்தது. ஆனால் 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுக்கு அந்த நீட்டிப்புக் கிடையாது. ஆகவே 2012ஆம் ஆண்டின் இறுதியில் டிலனின் பழைய பதிவுகள், உரிமையைக் காப்பதற்கென்றே, ஏறத்தாழ 100 படிகள் மட்டும் அச்சாகி ஐரோப்பாவில் வெளிவந்தன. கேட்பதற்காக அல்லாமல், வைத்திருப்பதற்காகவே பிறந்த இசை!

நாம் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நம்மவர்க்கும் 'செட்' புதியதன்று. ஒரு பக்கம் மூன்று நிமிடமே ஓடும் தட்டுகளின் காலத்தில், 1930களில், தமிழ் நாடகங்கள் பல தட்டுகளில் பதிவாகி 'செட்' என்றே விற்பனையாயின. அவற்றைச் சேர்த்து வைத்த தனிமனிதர்கள் இல்லையேல் அந்தக் குரல்கள் பலவும் மண்ணோடு போயிருக்கும். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் அவர்கள் பல்லாயிரக்கணக்கில் சேர்த்த பழைய தட்டுகள் ஆய்வாளர்களுக்கு எத்துணை பயன்பட்டன என்பதை இசை அறிந்தோர் அறிவர். சேர்ப்பது குற்றமன்று. நமது கேள்வி வேறு.

நமக்கு இந்த இசை அறிமுகமானது குருமட நாள்களில். பாடகர் குழுவுக்குக் கிதார் வாசிக்கக் கற்றுக்கொடுத்த மூத்த மாணவர் ஒருவர், தேய்ந்துபோன ஒலிநாடா ஒன்றை நம்மிடம் தந்து, "விரல் எப்படிப் போகிறதென்று கேள்" என்றார். ஜார்ஜ் ஹாரிசன் என்ற பெயரை அன்றுதான் அறிந்தோம். புகழ்பெற்ற பீட்டில்ஸ் நால்வருள் அதிகம் பேசாதவர். பண்டித ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். அந்த நாடாவை எத்தனை முறை கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. அறுந்தபோது ஒட்டினோம்; சிக்கியபோது பென்சிலைச் செருகிச் சுற்றினோம். அது நமதன்று என்ற அச்சமே அதை மேலும் இனிமையாக்கியது.

பல ஆண்டுகளுக்குப் பின், உக்கடத்தில் பழைய பொருள் கடை ஒன்றில் நமது முதல் பெட்டி கிடைத்தது. மூலைகள் நைந்த, ஆரஞ்சு நிறப் பெட்டி. 'தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்'. கிழக்கு வங்கத்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த 1971இல், ரவிசங்கர் தம் மாணவரிடம் உதவி கேட்டார். ஹாரிசன் நண்பர்களைத் திரட்டினார். ஆகஸ்ட் 1ஆம் நாள் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இரு காட்சிகள் நடந்தன. ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். முதலில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அமர்ந்து சுருதி கூட்டியதையே கச்சேரி என்றெண்ணி அரங்கம் கைதட்டியதும், இதையே இவ்வளவு இரசிப்பவர்கள் வாசிப்பை இன்னும் இரசிப்பார்கள் என்று ரவிசங்கர் நகைச்சுவையாகச் சொன்னதும் அந்தத் தட்டிலேயே பதிவாகியுள்ளன.

மூன்று தட்டுகளும் 64 பக்க நூலும் கொண்ட அந்தப் பெட்டி அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் மேலட்டையில், உண்கலத்தின் முன் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் குழந்தை. நுழைவுச்சீட்டில் திரண்ட சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃப் அமைப்பிடம் சேர்ந்தது. தட்டிலும் திரைப்படத்திலும் வந்த பெரும் வருவாயோ, முன்கூட்டியே முறைப்படி ஏற்பாடு செய்யாத காரணத்தால், வரிச்சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அந்தப் பிள்ளையின் சோறு ஒரு பெட்டிக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தது என்றே நமக்குத் தோன்றும். அப்படித் தோன்றிய நாமே, அந்தப் படத்தை ஓர் அழகிய பொருளாகக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்தோம்.

அதன்பின் பெட்டிகள் ஒவ்வொன்றாய் வந்தன. வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் வழியாகச் சில. கையிருப்பைச் செலவிட்டு வாங்கியவை சில. மெல்ல ஒரு மாற்றம் நேர்ந்தது. கேட்பதற்காக வாங்கியது போய், வரிசை நிறைவதற்காக வாங்கலானோம். ஒரே தொகுப்பின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு இருக்க, ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பும் வேண்டியிருந்தது. பதினொன்றில் ஐந்து, உறையே பிரிக்கப்படாதவை. உறை பிரியாத பெட்டிக்கு இருமடங்கு விலை கிடைக்கும் என்று சென்னை வணிகர் ஒருவர் சொல்லியிருந்தார். விற்கும் எண்ணம் நமக்கில்லை. ஆனாலும் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பூச்சியும் துருவும் பற்றி எத்தனை மறையுரை ஆற்றியிருப்போம்! கண்ணாடித்தாள் உறை இரண்டையும் தடுக்கும் என்பது நமது துணிபு போலும்.

அந்த ஐந்தில் தலையாயது, குருத்துவ வெள்ளி விழாவுக்குத் தமக்கை மகன் ஜெர்மனியிலிருந்து அனுப்பியது. ஹாரிசன் 1970 நவம்பரில் வெளியிட்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டு நினைவுப் பெட்டி. 2021 ஆகஸ்டில் வந்தது. எட்டுத் தட்டுகள், 70 பதிவுகள், அவற்றுள் 47 ஒத்திகைகளும் கைவிடப்பட்ட முயற்சிகளும். அந்தப் பெயருக்கு 'எல்லாம் கடந்தே தீரும்' என்பது பொருள். அந்தத் தலைப்புப் பாடலை 1969 தொடக்கத்தில் அவர் தம் தோழர்கள் முன் வைத்தார். குழு இயங்கிய காலத்தில் வெளிவந்த தட்டு எதிலும் அது இடம்பெறவில்லை. குழு கலைந்தபின் தனித்து வெளியிட்டார். மேலட்டைப் படம் அவர் 1970இல் வாங்கிய ஃப்ரையர் பார்க் மாளிகைத் தோட்டத்தில் எடுக்கப்பட்டது. அதற்குமுன் அந்த மாளிகையில் சலேசிய அருட்சகோதரிகள் பள்ளி நடத்திவந்தார்கள் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் மிக உயர்ந்த வகை மரப்பேழையில் வந்தது. அந்தத் தோட்டத்தில் வெட்டப்பட்ட கருவாலி மரத்தில் செய்த புத்தக அடையாளத் துண்டும் அதனுள் உண்டு. எல்லாம் கடந்து போகும் என்று பாடியவருக்கு, எதுவும் கடந்து போகாதபடி ஒரு பேழை! நம்முடையது அட்டைப்பெட்டிதான் என்றாலும், நாமும் அதைக் கடந்து போகவிடாமல் காத்தோம்.

புறப்படுவதற்கு முந்திய மாலை, விடைபெற ஒரு பெரியவர் வந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறி ஊர்களில் இவரை அறியாத பழையவர் இல்லை. முப்பது ஆண்டுகள் மைக்செட் வைத்திருந்தவர். காதுகுத்து, சீர், கல்யாணம், மாரியம்மன் நோன்பு, கருமத்தம்பட்டித் தேர்த்திருவிழா என்று எங்கும் இவர் கட்டிய குழாய்தான் பாடும். தகரப்பெட்டி ஒன்றில் சீர்காழி கோவிந்தராஜனும் நாகூர் ஹனிபாவும் நம் மாதா பாடல்களும் அருகருகே கிடப்பார்கள். 'திருவிளையாடல்' வசனத்தை ஊரே மனப்பாடம் செய்ததும், 1976இல் 'அன்னக்கிளி' பாடல்களைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி இளைஞர்கள் சூழ்ந்துகொண்டதும் இவருடைய பெட்டியிலிருந்துதான். ஒலிநாடா வந்தபோது தொழில் நொடித்தது. தட்டுகளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டுத் தறிக்குப் போனார். குழாயின் ஓசை பாதியும் தறியின் ஓசை மீதியுமாக அவருடைய செவியைத் தின்றுவிட்டன.

அவருடைய பார்வை மேசைமீதிருந்த பெட்டியில் விழுந்தது.

"புது ரிக்கார்டுங்களா சாமி?"

"ஆமாங்க ஐயா" என்று உரக்கச் சொன்னோம்.

"பிரிக்கவே இல்லீங்களே. ஊசி இல்லீங்களா?"

"ஊசி இருக்குதுங்க."

அவர் நம்மை ஒருமுறை பார்த்தார். ஊசி இருந்தும் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு அவருக்குத் தெரிந்த காரணம் எதுவும் இல்லை. நாம் வாய் திறப்பதற்குள், பெருவிரல் நகத்தைப் பெட்டியின் விளிம்பில் வைத்து ஒரே இழுப்பில் உறையைக் கீறிவிட்டார். வாழ்நாளெல்லாம் புதுத்தட்டு வந்த ஒவ்வொரு முறையும் செய்த செயல், விரல் மறக்கவில்லை.

வாசக அன்பர்களே, அந்த நொடியில் நமது நெஞ்சு பதறியது. மறைப்பதற்கில்லை. வணிகர் சொன்ன தொகை கண்முன் வந்து பாதியாகக் குறைந்தது. கோபம்கூட வந்தது. அடுத்த நொடியே, எதற்காகப் பதறினோம் என்பது விளங்கியதும் தலை குனிந்தோம். விடைபெற வந்த முதியவர் எதிரே நிற்கிறார். ஆறு ஆண்டுகள் நம்மைச் 'சாமி' என்றழைத்தவர். நமது கண்ணோ கிழிந்த தாளின்மேல்.

அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. தட்டை வெளியே எடுத்தார். விளிம்பையும் நடுவிலிருந்த வட்டத்தாளையும் மட்டும் தொட்டு, வரிகளில் விரல் படாமல், பச்சிளங்குழந்தையைத் தாங்குவதுபோல் பிடித்திருந்தார். விளக்கின் கீழ்ச் சாய்த்துத் தூசு பார்த்தார்; முகர்ந்து பார்த்தார். அத்தனை பெட்டிகளுக்கு உரியவரான நாம் ஒரு தட்டை அவ்வளவு மரியாதையோடு பிடித்ததில்லை.

கட்டி வைத்திருந்த கருவியை அவிழ்த்து இசையை ஓடவிட்டோம். அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். சிறிது நேரம் கழித்து, "ஓடுதுங்க சாமி, நல்லாவே ஓடுது" என்றார்.

"ஊசி பட்டாத் தேஞ்சு போகுமுங்களே ஐயா" என்றோம், நமது பதற்றத்துக்கு ஒரு நியாயம் தேடுபவர் போல.

"ரிக்கார்டுன்னாத் தேயத்தானுங்க செய்யும். தேயாத ரிக்கார்டு, ஆரும் கேக்காத ரிக்கார்டுங்க."

முதல் பக்கம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனார். அன்றிரவு நாம் நான்கு தட்டுகளைக் கேட்டோம். ஒத்திகைகளைக் கேட்டபோதுதான் அந்தப் பெட்டியின் உண்மையான செல்வம் புலப்பட்டது. தடுமாறும் குரல், தப்பிய தந்தி, நடுவே எழும் சிரிப்பு, மீண்டும் முதலிலிருந்து. புகழ்பெற்ற மனிதர் ஒருவர், தோற்றுத் தோற்றுத் தம் பாடலைக் கண்டடைகிறார். பெட்டி செய்தவர்கள் அதைக் கேட்கச் சொல்லித்தான் உள்ளே வைத்தார்கள். நாம்தான் ஆண்டுக்கணக்கில் அட்டையின் அழகைக் காத்துக்கொண்டிருந்தோம்.

தகரப்பெட்டிக்காரரிடம் இன்று ஒரு தட்டும் இல்லை. ஆனால் அவர் போட்ட பாடல்கள் இன்றும் எத்தனையோ பேர் நெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவருடைய பெட்டி ஊருக்காகத் திறந்தது. நமது பெட்டிகள் நமக்காகக்கூடத் திறக்கவில்லை. இசை என்பது ஓடும்போது மட்டுமே இருப்பது; நிறுத்தி வைத்தால் அது அட்டையும் அரக்கும் நெகிழியுமே. இதை அறிய நமக்குப் பதினொரு பெட்டிகள் வேண்டியிருந்தன. அவருக்கு ஒரு நகம் போதுமானதாயிற்று.

புதிய பங்கிற்கு வந்தபின், உறை பிரியாத மற்ற நான்கில் மூன்றைப் பிரித்துவிட்டோம். ஞாயிறு மாலைகளில், கிதார் பழகும் பிள்ளைகள் சிலர் வந்து கேட்கிறார்கள். அவர்களுள் ஒருவன் தட்டின் வரிகளில் விரலை வைத்துவிட்டான். ஒன்றும் சொல்லாமலிருக்க முயன்றோம், முழுவதும் முடியவில்லை. நான்காவது பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த வணிகர் சொன்ன தொகையே முதலில் நினைவுக்கு வருகிறது. பெரியவரின் கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஊசி இருக்கிறது. நகமும் இருக்கிறது. மனம் மட்டும் இன்னும் சற்றுத் தேய வேண்டியிருக்கிறது.