ஒன்றாம் பை கடைசியில்

பணி ஓய்வு விழாவில் இளைய மயக்க மருந்து டாக்டர் ஒருவர் என்னை “தண்ணி கலக்குற சார்” என்று அறிமுகப்படுத்தினார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

கலந்தது உண்மைதான். மயக்கம் கொடுத்ததும் நோயாளியின் ரத்தத்தைப் பைகளில் இறக்கிக்கொண்டு, மறு கையில் சலைனை ஒன்றுக்கு மூன்றாக ஏற்றுவோம். 60 கிலோ ஆள், ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 42. அதை 30-க்குக் கொண்டுவர 1400 மில்லி. 350 மில்லி பை நாலு. 1983-இல் கிராஸ் எழுதிய கணக்கு. என் ஆசிரியருக்கு அதெல்லாம் வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளின் நீர்மோர்ப் பந்தல் போதும்: “சிந்துறது நீர்மோரா சிந்தட்டும்டா. தயிரு நம்ம சட்டியில இருக்கட்டும்.”

அவர் என் உயிரை எடுத்தது பையின் எண்ணில். முதலில் இறங்குவதுதான் கெட்டி ரத்தம். நாலாவது பை ஏற்கெனவே இளகியது. திருப்பி ஏற்றும்போது நாலு, மூன்று, இரண்டு. கசிவு நின்றபின்தான் ஒன்று. ஓர் இடுப்பெலும்பு கேஸில் ஒன்றாம் பையை முதலில் மாட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. நிறைந்துகொண்டிருந்த சக்ஷன் ஜாடியைக் கண்ணால் காட்டினார். அதன்பின் ஒரு மாதம் எனக்குப் பை ஆட்டும் வேலைதான்: தராசில் எடை பார்த்துக்கொண்டே, உறையாமல், கை ஓயும்வரை.

1998 ஜனவரியில் காசுக்கு ரத்தம் கொடுப்பதற்குத் தடை வரும்வரை, யாருடைய ரத்தம் ஏறுகிறது என்ற பயம் எங்களுக்குத் தீரவில்லை. எச்.ஐ.வி. 1986-இலேயே சென்னையில் தெரிந்துவிட்டது. தன் ரத்தமே தனக்கு என்பது அன்று எவ்வளவு பெரிய நிம்மதி! அதுவும் எல்லோருக்கும் வாய்க்காது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஹீமோகுளோபின் ஒன்பதோடு வருகிற பெண்ணிடம் இன்னும் எதைக் கலப்பது?

இப்போது பையை ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். தட்டணுக்கள் வேலைக்கு ஆகட்டும் என்றுதானே தியேட்டரிலேயே, நோயாளி பக்கத்திலேயே வைத்து எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினோம்? கேட்டால், “கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் போட்டாச்சு சார்.”

விழா முடிந்ததும் அதே பையன் செல்போனை நீட்டினான். 2025-இல் வந்த ஆய்வு; இதய அறுவை, 2010 நோயாளிகள்; இப்படி ரத்தத்தை இறக்கிக் கலந்தும் பிறர் ரத்தம் ஏற்றுவது குறையவில்லை. முழுக்கப் படித்தேன். நல்ல ஆய்வு, குறை சொல்ல முடியாது.

“பையில் எண் எழுதினார்களா?” என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.