"முதல்ல கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க!" - மினியாபொலிஸ் தெருமுனையில் ஒரு காலை

"அங்கெல்லாம் எதுக்குடி? மால் ஆஃப் அமெரிக்கா போலாம், ஏரிக்கரைக்குப் போலாம். அது அவங்க ஏரியா. நமக்கு எதுக்கு வம்பு?"

அக்கா இப்படிச் சொன்னபோது, அவள் வீட்டு டைனிங் டேபிளில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய மேப்பிள் குரோவ் என்ற புறநகர் அது. நம்மவர்கள் வசிக்கும் ஊர். பெரிய இந்துக் கோயிலும் உண்டு. லீவில் போயிருந்த என் பட்டியலில் முதலில் இருந்தது ஒரு தெருமுனை. 38-வது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் இடம்.

2020 மே 25 அன்று அங்கேதான் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற 46 வயது கறுப்பினத்தவரின் உயிர் பறிக்கப்பட்டது. அவர் கொடுத்த 20 டாலர் நோட்டு கள்ளநோட்டு என்று ஒரு கடையிலிருந்து புகார் போனது. வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் கவிழ்த்து, கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார். 9 நிமிடம் 29 விநாடி.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு செய்தித் தளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிது. ஊரடங்கு நேரம் என்பதால் வீட்டிலிருந்தே நைட் ஷிஃப்ட். வீடியோவை வெட்டி, தலைப்பு வைத்து, தம்ப்நெயில் போடுவது என் வேலை. எந்த இடத்தில் முகம் தெளிவாகத் தெரிகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உயிர் போய்க்கொண்டிருந்த அந்த முகத்தைத்தான் தம்ப்நெயிலாக வைத்தேன். அன்றைக்கு அதிகம் பேர் பார்த்த செய்தி என்னுடையது. ஆபீஸ் குரூப்பில் வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதமே சாத்தான்குளம். தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த செய்தி. இங்கேயும் அதேதானா என்று தோன்றிய அந்த இரவிலிருந்து தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. "போனைக் கீழே வைடி" என்று அம்மா கெஞ்சுவார். 'ஊரே கொதிக்கும்போது நான் மட்டும் எப்படித் தூங்குவது?' என்று அவரிடமே எரிந்து விழுவேன். அந்த முகமும் அந்தத் தம்ப்நெயிலும் மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

அதனால்தான் அக்கா தடுத்தும் பிடிவாதமாகக் கிளம்பினேன். மாமா காரை எடுத்தார். கடைசி நிமிடத்தில் அக்காவும் ஏறிக்கொண்டாள்.

அரை மணி நேரப் பயணம். மரங்கள் நிறைந்த, சாதாரணமான குடியிருப்புத் தெருக்கள். நாற்சந்தியின் நடுவே வானம் பார்த்து உயர்ந்து நிற்கிறது இறுக மூடிய கை ஒன்றின் சிற்பம். ஒரு மூலையில் இயங்காத பழைய பெட்ரோல் பங்க். அக்கம்பக்கத்தினர் கூடிப் பேசுகிற திண்ணையாக அது மாறியிருக்கிறது. சுவர்களில் ஓவியங்கள். ஃபிளாய்ட் விழுந்த இடத்தில் பூக்கள், பொம்மைகள், குழந்தைகள் எழுதிய கடிதங்கள். 2022-ல் இந்தச் சாலைப் பகுதிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

பழக்கதோஷம்... கை தானாகப் போனைத் தூக்கியது.

பூக்களுக்கு நடுவே குப்பை பெருக்கிக்கொண்டிருந்த வயதான கறுப்பினப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "படம் எடுக்கலாம்மா. முதல்ல கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க."

போனைப் பையில் போட்டேன். நின்றேன். அழுகை வந்தது. எதற்காக அழுகிறேன் என்று தம்ப்நெயில் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவர் தன்னார்வலர். இங்கே மக்கள் வைத்துவிட்டுப் போகும் கடிதங்களையும் பொருட்களையும் சேகரித்துப் பாதுகாக்கும் குழுவில் இருக்கிறார். "தினமும் இந்த இடத்துக்கு வர்றது கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"தினமும் யார் வர்றா? வாரத்துல ரெண்டு நாள்தான். மத்த நாள்ல மத்தவங்க பார்த்துக்குவாங்க. எனக்குத் தோட்டம் இருக்கு, பேரப்பிள்ளைங்க இருக்காங்க. எல்லாத்தையும் நானே தூக்கணும்னு நினைச்சிருந்தா 2020-லயே படுத்திருப்பேன்."

'செல்ஃப் கேர்' என்றால் நமக்கு ஃபேஸ் பேக்கும் ஸ்பாவும்தான் ஞாபகம் வரும். புற்றுநோயோடு போராடிய கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், தன்னைப் பேணிக்கொள்வதும் போராட்டத்தின் ஒரு பகுதி என்று 1980-களிலேயே எழுதினார். வாரத்தில் இரண்டு நாள் வந்து பெருக்கும் அந்தப் பாட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

அந்த வீடியோவை எடுத்த டார்னெல்லா ஃப்ரேசியருக்கு அப்போது 17 வயது. 'மருத்துவப் பிரச்னையால் மரணம்' என்பதுபோல அறிக்கை விட்டிருந்தது போலீஸ். அந்தப் பெண்ணின் போன்தான் உண்மையைச் சொன்னது. 2021-ல் குற்றவாளிக்கு இருபத்திரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. டார்னெல்லாவுக்குப் புலிட்சர் சிறப்பு அங்கீகாரம். ஆனால், இன்னும் ஏதாவது செய்து காப்பாற்றியிருக்கலாமோ என்று பல இரவுகள் தூங்காமல் ஃபிளாய்டிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கோர்ட்டில் சொன்னார் அவர். அவர் பார்த்தது சாட்சி சொல்ல. நான் பார்த்தது கிளிக் வாங்க. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

திரும்பும்போது காரில் அக்கா பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வீடியோ காலில் வந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "என்னடி, இப்படிக் கறுத்துட்ட? வெயில்ல சுத்துனியா? க்ரீம் போட்டியா இல்லையா?" என்றார். 2020-ல் ஃபிளாய்டுக்காக உலகமே பேசிய நேரத்தில், பிரபல சிவப்பழகு க்ரீம் ஒன்று 'ஃபேர்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்தது. எங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து அது போகவில்லை.

பக்கத்தில் அக்காவின் ஏழு வயது மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அக்கா போனை வாங்கினாள்.

"அம்மா, அவ நல்லா இருக்காளான்னு மட்டும் கேளும்மா. கலரைப் பத்தி இனிமே இந்த வீட்ல பேச வேண்டாம். பாப்பா கேட்டுக்கிட்டு இருக்கா. நானும் இன்னிக்குக் காலையில தப்பா ஒண்ணு பேசிட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி... சாப்பிட்டீங்களா?" என்றார்.

இப்போதும் டிஜிட்டல் டெஸ்க்கில்தான் வேலை. இறப்பவர்களின் முகத்தைத் தம்ப்நெயிலில் வைப்பதில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத் தூங்கப் போகிறேன். மறுநாள் செய்திகளைப் பார்க்கத் தெம்பு வேண்டுமே!

மினியாபொலிஸ் போகிறவர்களுக்கு: கட்டணம் ஏதும் இல்லை. பகலில் போங்கள். அது துக்க வீடு மாதிரியான இடம். சிரித்தபடி செல்ஃபி எடுக்க வேண்டாம். அங்கே வைத்திருக்கும் எதையும் தொடாதீர்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.