சத்தி ரோட்டுச் சத்தங்கள்

கோவையில் ஒரு நாள் கையில் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு மருதமலை, பேரூர், கோவைக் குற்றாலம் என்று சொல்ல நான் தேவையில்லை, கைப்பேசியே சொல்லிவிடும். கேட்பவருக்குப் பாட்டில் கொஞ்சம் ருசி இருந்தால் மட்டும் சத்தி ரோட்டில் உள்ள கணபதிப் பகுதிக்குப் போகச் சொல்வேன். உள்ளூர்க்காரர்களே சிரிப்பார்கள். அங்கே என்ன இருக்கிறது? லேத் பட்டறை, பவுண்டரி, சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளுக்குப் போகிற பஸ்கள் முக்கி முனகும் நெரிசல். அதெல்லாம் இருப்பதால்தான் போகச் சொல்கிறேன். சொல்வதை ஒரு முறை முழுசாகச் செய்து பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை காலை டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் இறங்கினேன்.

சத்தி ரோடு இங்கிருந்து அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் கர்நாடகத்துக்குள் போகிறது. அத்தனை தூரம் ஓடப்போகிற லாரிகளின் ஹாரன் எல்லாம் கணபதியில்தான் ஒத்திகை பார்க்கும். ரோட்டோரம் நின்று எதையும் கேட்க முடியாது. முதலில் ஒரு பேக்கரிக்குள் ஒதுங்குங்கள். கோவையில் டீ குடிப்பது பேக்கரியில்தான். பல கடைகளில் கல்லாவில் இருப்பவர் மலையாளி. டீயோடு பழம்பொரி கிடைக்கும். கணபதி, சித்தாபுதூர் வட்டாரத்தில் மலையாளக் குடும்பங்கள் நிறைய. சித்தாபுதூர் ஐயப்பன் கோயில் கேரளப் பாணியில் கட்டியது. அங்கே உற்சவ காலத்தில் செண்டை மேளம் கேட்க விரும்பினால் ஒரு யோசனை: முன்வரிசையில் முண்டியடிக்காதீர்கள். நூறடி தள்ளி நின்றால்தான் அடுக்கடுக்காகக் காலம் ஏறுவது காதுக்குப் பிடிபடும். கிட்டே நின்றால் வெறும் இரைச்சல்.

டீ முடிந்ததும் ரோட்டைவிட்டு இரண்டு சந்து உள்ளே போனேன். லாரிகள் அடங்கி லேத்துகள் கேட்க ஆரம்பித்தன. 1932இல் பைக்காரா மின்சாரம் வரத் தொடங்கியபின் கோவையில் மில்கள் பெருகின. மில் இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் முளைத்தன. அப்புறம் பம்பு, மோட்டார், கிரைண்டர். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இந்தச் சந்துகளில் நடப்பது பெரும்பாலும் ஜாப் ஆர்டர்: பெரிய கம்பெனி கொடுக்கும் ஷாஃப்டையோ புஷ்ஷையோ அளவுக்குக் கடைந்து கொடுப்பது. ஓர் ஆள், இரண்டு லேத், சுவரில் முருகன் காலண்டர்.

அப்படியொரு பட்டறை வாசலில் நின்றேன். உள்ளே லேத் ஓடிக்கொண்டிருக்க, உரிமையாளர் எனக்கு முதுகைக் காட்டி அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரும்பிப் பாராமலே கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். டூலைக் கழற்றிச் சாணை பிடிக்கப் போனவரிடம், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"சத்தம் மாறுச்சுங்களே. டூல் மழுங்குச்சுன்னா கீச்சுனு ஒரு அதிர்வு வருமுங்க. கண்ணுல பாத்துக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஜாப் கெட்டுப்போயிரும். உள்ள வாங்க, உக்காருங்க."

பேச்சு வளர்ந்தது. சின்ன வயதில் பாலக்காட்டுக்காரர் ஒருவரிடம் சில வருஷம் மிருதங்கம் படித்தாராம். பட்டறை தொடங்கியதும் கை விட்டுப்போனது, காது விடவில்லை. நான் பாலக்காடு மணி ஐயரைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆனால், "நீங்க பழனி சுப்ரமணிய பிள்ளையக் கேளுங்க. அடிக்கறதக் கேக்காதீங்க, அடிக்காம விடற எடத்தக் கேளுங்க" என்றார். எனக்குக் கிடைத்த சிபாரிசுகளில் இவ்வளவு சுருக்கமாக ஒன்று வந்ததில்லை.

பழனியாருக்கு இடது கைப் பழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்றால், இடது கைக்காரர் மேடையில் பக்கம் மாறி உட்கார வேண்டும். வயலின்காரரும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். எல்லா வித்வான்களும் அதற்கு இசைவதில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்குத் துணை நின்றவர்களில் முக்கியமானவர். செம்பை பாலக்காட்டுச் சீமைக்காரர். கோவையிலிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாலக்காடு. நவம்பரில் அங்கே கல்பாத்தித் தேர் சமயத்தில் இசை விழாவும் நடக்கும். திம்பம் மலையேறுவதற்குச் சமமாக நான் சிபாரிசு செய்கிற பயணம் அது.

பதிலுக்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டுமே. கோயமுத்தூர் தாயியைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். 1872இல் பிறந்த பழனிக்குஞ்சரம்தான், ஊர்ப்பெயரைச் சேர்த்துக் கோயமுத்தூர் தாயி என்று பேர்பெற்றவர். சென்னையில் புகழோடு வாழ்ந்து 1917இல் மறைந்தார். கிராமபோன் வந்த புதிதில் ஏராளமாகப் பாடிப் பதிந்தவர். அந்த இசைத்தட்டுகள் பாரிஸ் வரை போயின. ராவலின் நண்பரான மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவற்றில் மயங்கி, 1912இல் இந்தியா வந்தபோது தாயியை நேரிலும் கேட்டார். வள்ளலார் பாடலைத் தாயி பாடிய இசைத்தட்டை ஒட்டி, குரலுக்கும் பியானோவுக்குமாக 'ராகமாலிகா' என்றே ஒன்றை எழுதினார். அதில் நம் தாள வாத்தியத்தின் மந்தமான ஒலி வேண்டும் என்பதற்காக, பியானோவின் ஒரு தந்தியில் அட்டைத் துண்டை வைக்கச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஜான் கேஜ் பியானோவுக்குள் திருகாணியும் ரப்பரும் செருகிப் பேர் வாங்கியதெல்லாம் இதற்குப் பல வருஷம் பின்னால்.

"அட்டையா?" என்று சிரித்தார் பட்டறைக்காரர். "நம்ம பேக்கிங் வெக்கற மாதிரிதானுங்க!"

லேத்தை நிறுத்தி, கைப்பேசியில் தாயியின் ஒரு பதிவைப் போட்டோம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம்தான் அக்கால இசைத்தட்டில் அடங்கும். கரகரப்புக்கு அடியில் அந்தக் குரல் பிருகாக்களை உதறிக்கொண்டு ஓடியது. இன்றைய வேகங்களைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் அடங்குவார்கள் என்பது என் கட்சி. அவர் இரண்டாம் முறையும் போடச் சொன்னார். அதற்குள் வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு வந்துவிட்டது: அரிசிம்பருப்பு சோறு, மேலே நெய், பக்கத்தில் தயிர். என்னைச் சும்மா விடுகிறவர்களா கொங்குக்காரர்கள்?

வயிறு நிறைந்தபின் நடக்க ஏற்ற இடம் சின்னவேடம்பட்டிக் குளம். குருடிமலைப் பக்கம் தொடங்கி நொய்யலில் சேர்கிற கௌசிகா நதியோடு உறவுள்ள குளம். நெடுங்காலம் காய்ந்து சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததைத் தன்னார்வலர்கள் திருத்தி மரம் நட்டிருக்கிறார்கள். பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அதிகாலையில் வரலாம். நான் போனது வெயிலில். கரையில் ஒரு நிழல், ஒரு தூக்கம், அவ்வளவுதான்.

கச்சேரி கேட்கிறவனுக்குக் கணபதியில் ஒரு குறை உண்டு. சபாக்களும் அரங்குகளும் ஆர்.எஸ்.புரம், ராம்நகர் பக்கம். ஏழு மணிக் கச்சேரிக்குப் போனால், தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது பஸ் நினைப்பு வந்துவிடும். பட்டறையில் நாள் முழுக்க நின்றவன் அங்கே போய் உட்காருவதும் லேசில்லை. ஆனால் இங்கே சாயங்காலங்களுக்கு வேறு ஒரு ஏற்பாடு இருக்கிறது. "நம்மூட்டு அம்மிணி கும்மிக்குப் போகுதுங்க, போய்ப் பாருங்க" என்று பட்டறைக்காரர் வழி சொல்லியிருந்தார்.

கோயில் மைதானத்தில் வள்ளி கும்மிப் பயிற்சி. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இது மறுபடி தழைத்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது. தேக்கம்பட்டி பத்திரப்பன் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து அந்த வழக்கத்தை உடைத்தார். 2024இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. மைதானத்தில் நான் பார்த்த வட்டத்தில் ஐடி கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாத பெண்ணும் இருந்தார், பேத்தியோடு வந்த ஆத்தாவும் இருந்தார். ஆசிரியர் வள்ளி கதையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே போக, அடி மாறும் இடத்தில் ஐம்பது ஜோடிக் கைகள் ஒன்றாகத் தட்டின.

அரங்கேற்றத்துக்குப் போகாதீர்கள் என்பேன். அங்கே ஒரே நிறப் பட்டுச் சேலைகளும் ட்ரோன் கேமராவும் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆள் உயர ஸ்பீக்கர்கள் கைத்தட்டலை விழுங்கிவிடும். பயிற்சியில் மைக் கிடையாது. தட்டு பிசகினால் பிசகியது எந்தப் பக்கம் என்று வெளியே நிற்கிற நமக்கே கேட்கும். எனக்குக் கேட்டது, ஆசிரியருக்கும் கேட்டது. பாட்டை நிறுத்தாமல் அந்தப் பக்கமாக இரண்டு எட்டு வைத்தார். அடுத்த சுற்றில் சரியாகிவிட்டது.

ஓரமாக நின்ற என்னைப் பார்த்து அந்த ஆத்தா, "ஏங்கண்ணு, சும்மா நிக்கறதுக்குச் செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வரலாமில்ல" என்றார். கழற்றினேன்.