தனித்தனி ஜார்

ஜூன் 5

காற்று ஆரம்பித்துவிட்டது. உத்தமபாளையத்தில் ஜூன் என்றால் மேற்கு மலையிலிருந்து இறங்கும் இந்தக் காற்றும், நினைத்தால் வந்து நினைத்தால் நின்றுவிடும் சாரலும்தான். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "ஜூஸ் குடிப்பீங்களோ?" என்றார். பெருமையாகத் தலையாட்டினேன். தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் திராட்சை ஜூஸ், அதுவும் வீட்டில் போட்டது. "அதை விட்ருங்க. பழமாத் தின்னுங்க, இல்லேன்னா சக்கையோட அரைச்சுக் குடிங்க."

சென்னையிலிருக்கும் மகளிடம் சொன்னேன். "அதுக்குப் பேருதாம்ப்பா ஸ்மூத்தி" என்று சிரித்தாள்.

எங்கள் வீட்டு ஜூஸ் அம்மா காலத்து முறை. பழத்தைத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, ஆறியதும் பிசைந்து, வெள்ளைத் துணியில் வடித்து, சர்க்கரையைப் போட்டுக் கலக்குவது. சக்கை தொழுவத்துக்குப் போய்விடும். அறுபது வருடமாக நார்ச்சத்து முழுவதையும் மாடுதான் தின்றிருக்கிறது. தண்ணீர் கலக்காத திராட்சைச் சாறு 200 மில்லியில், நாம் எதையும் சேர்க்காமலே 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் பழச்சாற்றின் இனிப்பையும் டீயில் போடும் சீனியோடு சேர்த்துத்தான் கணக்கிட்டது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் சாற்றைவிட முழுப் பழமே மேல் என்கிறது. நான் என்னவோ மருந்து குடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 7

முதல் முயற்சி. கால் கிலோ பன்னீர் திராட்சையை அப்படியே மிக்ஸியில் போட்டு மூன்றாம் நம்பரில் ஓடவிட்டேன். நிறம் அள்ளிக்கொண்டு போனது. வாயில் வைத்தால் வேப்பங்கொட்டை! விதை உடைந்து கசப்பு முழுக்க இறங்கிவிட்டது. இந்தப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் பெருமை பேசியவர்களில் நானும் ஒருவன். மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த ரகத்தை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். வேறு ஊர்களில் பருவம் பார்த்துக் காய்ப்பது இங்கே வருடம் பூராவும் பந்தலில் தொங்கும். எல்லாம் சரி, விதை இருக்கிறதே!

ஜூன் 8

இருபத்தைந்து பழம். ஒவ்வொன்றையும் பிளந்து, கத்தி முனையால் விதை எடுத்தேன். "ஏங்க, கல்யாண வீட்டுக்கா காய் நறுக்குறீங்க?" என்றாள் மனைவி. கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு கத்தியோடு வந்து உட்கார்ந்தாள். தோலோடு அரைத்தோம். கசப்பு இல்லை. அந்தப் பன்னீர் வாசனை மட்டும் அப்படியே நின்றது.

ஜூன் 11

சுருளிப்பட்டிப் பக்கம் பந்தல் வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒரு கூடை பழத்தோடு வந்தார். பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை நான் விழுந்து விழுந்து தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது மருந்தில்ல மாமா, பழத்தோட மெழுகு. நீலமா திட்டுத் திட்டா இருந்தாத்தான் மயில்துத்தம்" என்றார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பூஞ்சணத்துக்கு அடிப்பார்கள். சாரல் காலத்தில் அது இல்லாமல் முடியாது, பழுக்கிற நேரத்து மழையில் பழம் வெடித்து அழுகவும் செய்யும். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். மேலே ஒட்டியிருப்பது போகும். உள்ளே இறங்கியது போகாது. "எந்தத் தோட்டத்துப் பழம்னு கேட்டு வாங்குங்க" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

ஜூன் 14

சின்னமனூர்ப் பக்கத்து வாழைப்பழம் ஒன்றைத் திராட்சையோடு சேர்த்தேன். குழைவாக வந்தது, பாயசம் போல. எங்கள் பள்ளத்தாக்கின் இரண்டு பெரிய பழப் பயிரும் ஒரே டம்ளரில் என்று மகளுக்குப் படம் அனுப்பினேன். பதிலுக்கு அவள் ஒரு ஆய்வை அனுப்பினாள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2023இல் செய்தது. வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுக்கச் செய்யும் நொதி இருக்கிறதல்லவா, பாலிபீனால் ஆக்சிடேஸ், அது கூடச் சேரும் பழங்களில் உள்ள ஃபிளவனால்களைத் தின்றுவிடுகிறதாம். வாழைப்பழ ஸ்மூத்தியோடு குடித்தபோது உடம்பில் அந்தச் சத்து சேர்ந்தது, மாத்திரையாக விழுங்கியபோது சேர்ந்ததைவிட 84 சதவீதம் குறைந்திருந்தது. ஆளைக் கொல்லும் சேர்க்கை ஒன்றுமில்லை. சோதனைக்கு உட்கார்ந்தவர்களும் ஏழெட்டுப் பேர்தான். ஆனால் திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பது அதே ஃபிளவனால். விதையைத்தான் ஏற்கெனவே எறிந்தாயிற்று, தோலில் இருப்பதையும் வாழைக்குக் கொடுப்பானேன்? தனித்தனி ஜார் என்று முடிவு செய்தேன்.

ஜூன் 15

ஆண்டிபட்டியிலிருந்து முருங்கைக்கீரை வந்தது. ஒரு கைப்பிடி பச்சையாக வாழையோடு போட்டேன். குடிக்க முடியவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதவும் முடியவில்லை.

ஜூன் 18

இப்போது முறை பிடிபட்டுவிட்டது. ஒரு நாள் திராட்சை: விதை எடுத்த பழம் ஒரு கை, தோல் சீவாத வெள்ளரிப் பிஞ்சு பாதி, இஞ்சி நகக்கண் அளவு, தயிர் ரெண்டு கரண்டி. மறுநாள் வாழை: சின்னப் பழம் ஒன்று, ஆவியில் அரைவேக்காடு வெந்த கேரட், ஊறவைத்த நிலக்கடலை பத்து, தயிர். கேரட்டைப் பச்சையாகப் போட்டால் நறநறவென்று பல்லில் மாட்டும். வெந்தால் அதிலுள்ள கரோட்டினும் நன்றாக ஏறும், கொஞ்சம் கொழுப்பு வேண்டும் என்பதால் கடலை. சீனி, தேன், வெல்லம் எதுவும் கிடையாது. வெல்லம் நல்லது என்று சொல்கிறவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஜூன் 21

மகள் மறுபடி ஒரு குண்டு போட்டாள். பிரிட்டனில் அரைத்த பழத்தின் இனிப்பையும் சீனிக் கணக்கில் சேர்த்து, ஜூஸோ ஸ்மூத்தியோ நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறார்களாம். மிக்ஸி நமக்காக மென்றுவிடுகிறது, விஷயம் அவ்வளவுதான். தின்றால் பத்துப் பழத்தில் கை நிற்கும், குடித்தால் நாற்பது பழம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். பெரிய எவர்சில்வர் டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, காபி டம்ளருக்கு மாறினேன். காலையில் இரண்டு இட்லி குறைத்து அதற்குப் பதிலாகக் குடிக்கிறேன். இட்லிக்கு மேலே குடித்தால் டாக்டரிடம் போனதே வீண்.

ஜூன் 24

மனைவி தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "திராட்சை நாளு நல்லாருக்கு. கேரட்டு நாளு குழந்தைக்குக் கொடுக்குறது மாதிரி இருக்கு" என்றாள். சரியான தீர்ப்புதான். ஜூஸ் வடித்த வெள்ளைத் துணியை இன்று வண்டி துடைக்க எடுத்துக்கொண்டேன். வடிகட்டி இனி டீக்கு மட்டும்.