சுர்ர்ர்... ஒரு கிண்ணம் ராமென்!

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூமில் கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைத்து, ஒரே பாத்திரத்தில் அஞ்சு பேர் ஸ்பூன் விடுகிற கோஷ்டியா நீங்க? அப்போ நீங்க நம்ம ஆளு! 1958-ல் மோமோஃபுகு ஆண்டோ என்ற ஜப்பான்காரர் கண்டுபிடித்த இன்ஸ்டன்ட் நூடுல்ஸுக்கு ஒரு ஒரிஜினல் உண்டு. அதுதான் ராமென்!

காலேஜ் எக்ஸ்சேஞ்சில் பத்து நாள் டோக்கியோவில் இருந்தேன். தங்கியது தகாதனோபாபா. வசேதா யுனிவர்சிட்டி மாணவர்கள் சுற்றித்திரியும் ஏரியா. தடுக்கி விழுந்தால் ராமென் கடை. ஆனால், நாலு நாளா நான் சாப்பிட்டது என்னவோ பாக்கெட்டில் விற்கிற சோற்று உருண்டைதான். காரணம், பயம் பாஸ்! பாஷை தெரியாது, தனியா சாப்பிட்டுப் பழக்கமில்லை, ஏதாவது சொதப்பி மானம் போயிட்டா?

அஞ்சாவது நாள் பசி ஜெயித்தது. எட்டே எட்டு ஸ்டூல் போட்ட குட்டிக் கடை. வாசலிலேயே டிக்கெட் மெஷின். காசைப் போட்டு, பட்டனை அமுக்கி, வருகிற சீட்டைக் கொடுத்தால் ராமென். ஸ்டைலாக ஆயிரம் யென் நோட்டை நுழைத்தேன். துப்பியது. திருப்பி நுழைத்தேன். மறுபடி துப்பியது. பின்னால் நாலு பேர் க்யூ. எனக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். 2024 ஜூலையில் ஜப்பானில் புது நோட்டுகள் வந்தன. பழைய மெஷின்களுக்கு அது தெரியாது. பழைய நோட்டில் இருப்பவர் நோகுச்சி, புதுசில் கிட்டசாட்டோ. ரெண்டு பேருமே கிருமி ஆராய்ச்சியாளர்கள். நிஜத்தில் கிட்டசாட்டோதான் சீனியர், அவர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் நோகுச்சி. ஆனா மெஷினுக்கு ஜூனியரைத்தான் பிடித்திருந்தது!

பின்னால் நின்ற பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தன் பழைய நோட்டை என் கையில் வைத்து, என் புது நோட்டை வாங்கிக்கொண்டு லேசாகத் தலையாட்டினார். அவ்வளவுதான்!

850 யென், நம்ம காசுக்குச் சுமார் 500 ரூபாய். சோயா சாஸ் போட்ட சூப், மஞ்சள் நூடுல்ஸ், பாதி முட்டை. (சைவ மக்களே, உஷார்! சூப்பே பெரும்பாலும் பன்றி, கோழி எலும்பு அல்லது மீனில்தான்.) சத்தம் வராமல் சாப்பிடத் தவித்தேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த பெரியவர் 'சுர்ர்ர்' என்று உறிஞ்சினார். அங்கே அது தப்பே இல்லையாம். நானும் 'சுர்ர்ர்'. அவர் சிரித்தார். பேச்சே இல்லாமல் ரெண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். கிளம்பும்போது, கேள்விப்பட்டு வைத்திருந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "கோச்சிசோசமா!" 'சாப்பாட்டுக்கு நன்றி' என்று அர்த்தம்.

ரூமுக்கு நடக்கும்போது ஒரு முகம் ஞாபகம் வந்தது. எங்க மெஸ்ஸில் டோக்கன் எங்கே வாங்கணும்னு தெரியாமல், தட்டோடு முழித்து நின்ற வெளிமாநில ஃபர்ஸ்ட் இயர் பையன். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். சத்தமாச் சிரிச்சது நான்தான்.

ஊருக்கு வந்த முதல் நாளே அவன் பக்கத்தில் தட்டோடு போய் உட்கார்ந்தேன். தமிழில் அவனுக்கு நாலு வார்த்தை தெரியும், ஹிந்தியில் எனக்கு மூணு. ரசத்தை ரெண்டு பேரும் சத்தமாகவே உறிஞ்சினோம்.

உங்க மெஸ்ஸிலும் அப்படி ஒருத்தர் தனியா நிற்கிறாரா, பாருங்களேன்!