விசிறியை நிறுத்துங்கள்!

"நாமும் ஒரு சினிமா எடுத்தால் என்ன?" என்று ஒரு தடவையாவது எண்ணாதவர்கள் உங்களில் இருக்கிறீர்களா? இருந்தால் நீங்கள் நிச்சயமாகப் புதுச்சேரிவாசி அல்ல. எங்கள் ஊரில் கறிகாய் வாங்கப் புறப்பட்டால்கூட, ஏதாவது ஒரு தெருவில் கயிறு கட்டி, "கொஞ்சம் நில்லுங்கம்மா, ஷாட் போயிட்டிருக்கு!" என்று மறித்து விடுவார்கள். 2012-ல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக எங்கள் தாவரவியல் பூங்காவே மிருகக்காட்சி சாலையாக வேஷம் கட்டிக் கொண்டது. பூங்காவே நடிக்கும் ஊரில் பத்திரிகைக்காரி நான் மட்டும் சும்மா இருப்பேனா? கையில் காமிரா வைத்த செல்போன் இருக்கிறது. கல்லூரிப் படிப்பும் கொஞ்சம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

நிரம்ப வேண்டும் என்பதைத் தெரிந்து கொள்ள எனக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

எங்கள் ஆயாவுக்கு (இந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்) எண்பது வயதாகிறது. தாழ்வாரமும் திண்ணையுமான பழைய வீட்டில் இருக்கிறாள். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதம் தெரிவித்தார்கள் அல்லவா? நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. அன்றைக்கு ஆயாவுக்கு எட்டு வயது. அவளுடைய அப்பா விடுதலைக் கட்சி. எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சுக் கட்சி. வருஷக்கணக்கில் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அன்று சாயந்திரம் அப்பா ஒரு செம்பு மோரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினாராம். அவர் அதை வாங்கிக் கொண்டு ஏதோ ஒரு வார்த்தை சொன்னாராம்.

அந்த வார்த்தையை ஆயா சொன்னாள். நான் கேட்கவில்லை! அவளுடைய மூக்குத்தி படத்தின் நடுவில் விழுகிறதா என்று பார்த்துக் கொண்டிருந்தேன்.

படத்தில் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். சென்னையில் படப்பிடிப்புக் குழுக்களில் உதவியாளனாக இருக்கும் என் தம்பி லீவில் வந்தபோது பெருமையோடு போட்டுக் காட்டினேன்.

"படம் கச்சிதம், அக்கா. ஆனால் ஆயா எங்கே?"

"கண் தெரியவில்லையா? நடுவில்தானே உட்கார்ந்திருக்கிறாள்!"

"முகம் இருக்கிறது. ஆயா இல்லையே!"

உற்றுக் கேட்டேன். தலைக்கு மேலே விசிறி 'கடகட'வென்றது. அடுப்படியில் குக்கர் மூன்று தரம் கூவியது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. நடுவில் எங்கேயோ ஆயாவின் உதடுகள் மாத்திரம் அசைந்தன.

அன்று தம்பி எனக்குக் குருவானான். அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

முதல் பாடம் கண்ணுக்கல்ல, காதுக்கு. படம் பிடிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கொண்டு நில்லுங்கள். நம் காது கெட்டிக்காரக் காது. வேண்டாத சத்தத்தைத் தானே தள்ளி விடும். மைக்குக்கு அந்தப் பக்குவம் கிடையாது. விசிறிக்கும் பாட்டிக்கும் அது சம மரியாதை கொடுக்கும். ஆகையால் விசிறியை நிறுத்துங்கள், அடுப்பை அணையுங்கள். இன்னொரு செல்போனை ஒலிப்பதிவுக்கென்று பேசுகிறவர் மடியருகே வையுங்கள். ஆரம்பத்தில் காமிராவுக்கு முன்னால் ஒரு தரம் பளிச்சென்று கை தட்டுங்கள். ஷூட்டிங்கில் 'கிளாப்' பலகை அடிப்பது திருஷ்டி கழிக்க என்று நான் எண்ணியிருந்தேன். பலகை சேரும் படத்தையும் 'டப்'பென்ற சத்தத்தையும் ஒன்றாக வைத்து, ஒலியையும் ஒளியையும் பிற்பாடு பொருத்துவதற்காம் அது!

இரண்டாவது, வெளிச்சம். எங்களுடையது சூரியன் கடலிலிருந்து எழுகிற ஊர். காலையில் கடற்கரைச் சாலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறவர் முகம் படத்தில் கரியாகி விடும். கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் தானே மலரும். வீட்டிலானால் முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். 'வீடு' படத்தை எடுத்த பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தின் மேல் வைத்திருந்த பிரியம் உங்களுக்குத் தெரியாததா?

மூன்றாவது, பொறுமை. காமிராவைக் கையில் வாங்கியதும் கோலம் போடுகிற மாதிரி சுழற்றத் தோன்றும். கூடாது. 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் டிக்கெட் வைத்துக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 விநாடிதான். காமிரா ஒரே இடத்தில் நிற்கும். உலகம் அதன் முன்னால் வந்து போகும். நீங்களும் 50 விநாடி அசையாமல் எடுத்துப் பழகுங்கள்.

"அவ்வளவுதானே? ஆயாவை மறுபடி எடுத்து விட்டால் போகிறது" என்றேன்.

தம்பி சிரிக்கவில்லை. சத்யஜித் ராயின் கதையைச் சொன்னான். 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் நாள் படப்பிடிப்பு. நாணல் பூத்த வெளியில் சிறுவன் அப்பு அக்காவைத் தேடி நடக்க வேண்டும். பையன் பொம்மை மாதிரி நடந்தான். ராய் அவன் வழியில் தாண்டுவதற்குச் சின்னத் தடைகளைப் போட்டார். ஆட்களை ஒளித்து வைத்து அங்கங்கே கூப்பிடச் செய்தார். நடை தேடலாயிற்று. ஆனால் அடுத்த வாரம் திரும்பிப் போனபோது நாணல் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்து விட்டன! மறு வருஷம் பூக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"நாணல் மறு வருஷம் பூக்கும், அக்கா" என்றான் தம்பி. அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆயாவிடம் போனோம். 'போட்டோ பிடிக்கிறார்கள்' என்று பட்டுப் புடவை கட்டிக் கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல் நாலு வரியில் முடித்து விட்டாள். ராய் ஞாபகம் வந்தது. ஒரு கட்டு முருங்கைக் கீரையை அவள் முன் வைத்தேன். கை உருவ ஆரம்பித்ததும் பேச்சும் தன் பாட்டில் வந்தது. அப்பா, மோர், எதிர்வீட்டுப் படி எல்லாம் வந்தன.

"அவர் என்ன சொன்னார், ஆயா?"

கீரை உருவிய கை நின்றது. "என்னமோ சொன்னாரு கண்ணு... அன்னிக்கு ஞாபகம் இருந்துச்சே!" என்று எதிர்வீட்டையே பார்த்துக் கொண்டிருந்தாள். நான் காமிராவை அசைக்கவில்லை. விசிறி ஓடாத அந்த வீட்டில் ஒரு காக்கையின் குரல் மாத்திரம் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

அந்த வார்த்தை இனி கிடைக்குமோ, கிடைக்காதோ! உங்கள் வீட்டிலும் ஓர் ஆயாவோ தாத்தாவோ இருப்பார்கள். பெரிய காமிரா வாங்கும் வரையில் காத்திருக்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எதிரில் போய் உட்காருங்கள். முதலில் விசிறியை நிறுத்துங்கள். பிறகு, காமிரா பாட்டுக்குக் காமிரா இருக்கட்டும். அவர்கள் சொல்வதை நீங்கள் கேளுங்கள்.